பதினோராம் பக்கத்து மாலை

மில் வண்டியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டில் துக்கம் நடந்து முதல் நாள் வேலைக்கு வருகிறவளுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுப்பார்கள். மற்ற நாளில் அந்த இடத்துக்காக நடக்கிற சண்டையில் தூக்குச்சட்டிகூட நசுங்கியிருக்கிறது. ஆடி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை காலையில் செட்டியார்பட்டி முக்கில் வண்டி ஏறிய முனீஸ்வரிக்கு அந்த இடம் காலியாக இருந்தது. நின்றுகொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து நீ உட்காரலையா என்று கேட்டாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கு எல்லாருக்கும் எங்கிருந்து இந்த நல்ல புத்தி வந்தது என்று நினைத்தபடி முனீஸ்வரி உட்கார்ந்தாள்.

வண்டி ராஜபாளையம் ரோட்டைப் பிடித்ததும் வெங்கடேஸ்வரி வந்து பக்கத்தில் ஒண்டினாள். நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இவளுக்கு அடுத்த மெஷின் அவளுடையது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ்; வாய் திறந்தால் இரண்டிலும் நிறுத்த மாட்டாள். அப்படிப்பட்டவள் முனீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் சும்மா வந்தாள்.

“எப்பக்கா தகவல் வந்துச்சு? எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?”

என்ன தகவல் என்றாள் முனீஸ்வரி. வெங்கடேஸ்வரி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கக் கொடுத்தார்கள் என்று அவள் மகன் நேற்று கொண்டுவந்ததாம். முனீஸ்வரி ஏறும் முன்பே அது வண்டியில் கை மாறி வந்திருந்தது. மொத்தம் இருபத்து நாலு பக்கம், எல்லாம் கலர் படம். அட்டையில் ‘எங்கள் வீட்டில் இரண்டு தட்டு’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே நீலக் கதவு. நடையில் ஒரு தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு முனீஸ்வரி வீட்டுக் கதவு. தாய் முனீஸ்வரி, மகள் அனுசியா.

புத்தகம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டில் உட்கார்ந்து ஜாஸ்மின் வரைந்துகொண்டு போனாள். ஜாஸ்மின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் செட்டியார்பட்டிக்கு வந்து பிள்ளைகளுக்குக் கதை படித்துக்காட்டுவாள், படம் போடச் சொல்லித்தருவாள். அனுசியாவுக்கு அவள் என்றால் உயிர். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்காக வரிசையாகப் பத்துப் புத்தகம் போடுவதாகவும், எல்லாம் வெவ்வேறு மாதிரி வீடுகளைப் பற்றி என்றும் ஜாஸ்மின் விளக்கினாள். சித்தப்பாவிடம் வளருகிற பையன், ஆட்டோ ஓட்டுகிற அம்மா, ஜெயிலில் இருக்கிற அப்பா, ஒரே அறையில் ஏழு பேர், இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை. அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, வாசலில் ஒரு நாய் என்று இருக்கிற வீட்டையே பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்றாள். முனீஸ்வரிக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டை மெழுகித் துடைத்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தன்னை வரைய ஒருத்தி வந்தாளே என்று கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். மில்லுக்குப் போவதும், ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுப் போவதும், வந்து மகளோடு சாப்பிடுவதும் ஒரு கதையாகுமா என்று அவளுக்கு நம்பிக்கையில்லை. ஆனது. பக்கத்துக்குப் பக்கம் அவள் சட்டி, அவள் கரண்டி, அவள் கொடியில் காய்ந்த துணி.

பதினோராம் பக்கத்தில் கை நின்றது. அந்தப் பக்கத்தில் சுவரும் கண்ணாடியும், கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் புருசன் பேச்சிமுத்துவின் போட்டோவும். ஸ்டுடியோவில் எடுத்தது, கோடு போட்ட சட்டை, மேல் பொத்தான் போட்டது, விறைத்த முகம். எல்லாம் அப்படியே. போட்டோவில் மட்டும் சம்பங்கி மாலை தொங்கியது. நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். கீழே ஒரு சின்ன விளக்கு.

அடியில் இப்படி எழுதியிருந்தது: ‘அப்பா படத்தில் இருக்கிறார். அம்மா வேலையில் இருக்கிறாள். நான் இங்கே இருக்கிறேன்.’

நம் ஊரில் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். முனீஸ்வரி புத்தகத்தை மூடினாள். அவியளுக்கு ஒண்ணும் ஆகல, படம் போட்டவ தப்பாப் போட்டுட்டா என்றாள். வெங்கடேஸ்வரி தலையாட்டினாள். நம்பவில்லை என்பது கையை விடாமல் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது. மில் வாசலில் இறங்கும்போது பெண்கள் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

பேச்சிமுத்து போய் ஆறு வருசம். போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே போனவன். நாக்பூர் என்றான், அப்புறம் ராய்ப்பூர் பக்கம் என்றான். எட்டு மாதம் பேசினான், பணம் அனுப்பினான். பிறகு போன் அணைந்துவிட்டது. லாரிக்காரன் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான் என்று கையை விரித்தான். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். தேவதானத்தில் விவசாயம் பார்க்கிற அவன் அண்ணன் கருத்தையா, மொழி தெரியாத ஊருக்கு இரண்டு தடவை ரயிலேறிப் போய், தம்பி போட்டோவைக் காட்டிக் காட்டி அலைந்து, ஸ்டேஷனில் படுத்து, காய்ச்சலோடு திரும்பி வந்தார். ஆள் இருக்கிறானா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒருவருக்கும் என்றால், முனீஸ்வரியைத் தவிர. அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அவளுடைய போன் விழுந்து விழுந்து, ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும் என்ற நிலைக்கு வந்திருந்தது. குரலைக் கேட்டதும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் தண்ணித்தொட்டிப் பக்கம் ஓடினாள். அவன்தான். இங்கே ஒரு குடும்பமாகிவிட்டது, ஒரு பையன் இருக்கிறான், என்னைத் தேடாதே, அண்ணனையும் தேட வேண்டாம் என்று சொல் என்றான். பின்னாலிருந்து ஒரு பெண் இந்தியில் ஏதோ சத்தம் போட்டாள். குழந்தை ஒன்று அழுதது. முனீஸ்வரிக்கு நாலு வருசமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ இருந்தன. அவள் வாயில் வந்தது ஒன்றுதான். “சாப்டீங்களா?” என்று கேட்டாள். அவன் ம் என்றான். போனை வைத்துவிட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கும்.

அந்த நம்பரை அழித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. காணாமல் போனவன் பெண்டாட்டிக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. பாவம், காத்திருக்கிறாள் என்பார்கள். கோயிலில் பூ வாங்கினால் ஒரு முழம் சேர்த்து அளப்பார்கள். விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டிக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவளிடம் என்ன குறையோ என்று கால் முதல் தலை வரை ஒரு பார்வை கிடைக்கும். அவ்வளவுதான். தவிர, கருத்தையா தம்பிக்காக அலைந்த அலைச்சலை எப்படி மறப்பது? தம்பி ஏமாற்றிவிட்டான் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அனுசியாவிடம்? அப்பா எங்கே என்று அந்தப் பிள்ளை கேட்பதை நிறுத்தியே ரொம்ப நாளாயிற்று. அதனால் முனீஸ்வரி போட்டோவை வாராவாரம் துடைத்தாள், நெற்றியில் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டாள், யாராவது கேட்டால் இன்னும் தகவல் இல்லை என்றாள். ஒரு பொய்யைத் தனியாகச் சுமப்பது எம்புட்டு பாரம் என்று கேட்டால் அவள் சொல்வாள். கேட்கத்தான் ஆளில்லை.

அன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நாலைந்து வீட்டுக்கு விசயம் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் தேவதானத்துக்கும் போய்விட்டது. கருத்தையா போன் பண்ணினார். கோபமில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. யாரோ அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் பார்த்தாராம், ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம்.

“நீயா வாயத் தொறந்து சொல்ல முடியாமத்தான் படத்துல சொல்லிருக்கன்னு புரிஞ்சுக்கிட்டேன் ஆத்தா. சரிதான். எனக்கும் மனசுக்குள்ள அம்புட்டுதான்னு பட்டுப்போச்சு. வார அமாவாசைக்கு அவனுக்கும் ஒரு எல போட்டுருவோம்.”

அவர்கள் வீட்டில் ஆடி அமாவாசை மத்தியானம் செத்துப்போனவர்களுக்கு ஆளுக்கொரு இலை போட்டுப் படைப்பார்கள். அப்பனுக்கு, ஆத்தாளுக்கு, சின்ன வயசில் போன தங்கச்சிக்கு என்று இலைகள் வரிசையாக இருக்கும். பேச்சிமுத்துவுக்கு இலை போடவும் முடியாமல், போடாமல் இருக்கவும் மனசில்லாமல் ஐந்து வருசமாகக் கருத்தையா ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஒரு இலையை அறுத்து, கழுவி, விரிக்காமல் ஓரமாகச் சாய்த்து வைப்பார். இனி அது வேண்டாம் என்பதில் அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவர் மனைவி மாரியாத்தாள் போனை வாங்கி, பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், இலை போட்ட பிறகு மெட்டியை மட்டும் கழற்றிக்கொள், தாலியைப் பொறவு பார்த்துக்கலாம் என்று கனிவாகச் சொன்னாள்.

முனீஸ்வரி போனை வைத்தாள். உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போடுவதா? அவன் செய்ததற்கு அவன் நாசமாய்ப் போகட்டும் என்று அவள் ஆயிரம் தடவை நினைத்திருக்கிறாள். ஆனால் அவன் பேரைச் சொல்லி இலை விரித்து, சோறு வைத்து, காக்கையைக் கூப்பிடுவது என்பது வேறு. தடுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஊருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அமாவாசைக்கு நாலே நாள்தான் இருந்தது.

ஒரே வழிதான் தோன்றியது. மாலையைப் போட்டவள் ஜாஸ்மின். தப்பு என்னுடையது, அந்தக் குடும்பத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால், இலை மறுபடியும் ஓரத்தில் சாய்ந்து நிற்கும். எல்லாம் பழையபடி இருக்கும்.

வார லீவு அன்று ராஜபாளையம் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். ஆடிப்பூரத்துக்குத் தேரை அலங்கரிக்கச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்; ரத வீதியெல்லாம் மூங்கிலும் கயிறுமாகக் கிடந்தது. ஜாஸ்மின் வீடு கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்தது. போகும் வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். ஏன்ம்மா, என் வீட்டில் உட்கார்ந்து என் கையால காப்பி வாங்கிக் குடிச்சிட்டு, என் புருசனைக் கொன்னுட்டியே? இதுதான் முதல் கேள்வி. நன்றாக அமைந்திருந்தது.

கதவைத் திறந்த ஜாஸ்மின் சந்தோசத்தில் அக்கா என்று கையைப் பிடித்ததும் முதல் கேள்வி எங்கோ போய்விட்டது. மேஜை முழுக்கப் பெயிண்ட், தண்ணீர்க் குவளை, காய்கிற படங்கள். ஜெயிலில் இருக்கிற அப்பாவைப் பார்க்கப் போகும் ஒரு பையன் பாதி வண்ணத்தில் நின்றான். புத்தகம் பிடித்ததா, அனுசியா காட்டினாளா, ஐந்து பிரதி அவளிடம் கொடுத்தனுப்பி மூன்று வாரம் ஆகிறதே என்று ஜாஸ்மின் கேட்டாள்.

அனுசியா காட்டவில்லை. அந்த ஐந்து புத்தகத்தை முனீஸ்வரி பார்க்கவேயில்லை.

பதினோராம் பக்கத்தில் மாலை எப்படி வந்தது என்று மட்டும் கேட்டாள். ஜாஸ்மின் முகம் மாறியது. பிரஷ்ஷைத் துடைத்து வைத்தாள். பிறகு உள்ளே போய்த் தன் ஸ்கெட்ச் நோட்டை எடுத்துவந்து காட்டினாள். அதில் போட்டோ வெறுமனே இருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை. கீழே ‘அப்பா ஊரில் இல்லை’ என்று எழுதியிருந்தது. முதலில் நான் இப்படித்தான் போட்டேன் என்றாள். வகுப்பில் அனுசியாவிடம் காட்டியபோது அவள் பென்சிலை வாங்கி அவளே மாலை போட்டாளாம். நோட்டைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் அதே படம். அழுத்தி அழுத்திப் போட்ட பென்சில் பூக்கள், கண்ணாடிச் சட்டத்தைத் தாண்டி வெளியே வழிந்திருந்தன.

“அப்பா எறந்துட்டாரான்னு கேட்டேன்க்கா. ஆமான்னா. கண்டிப்பா மாலை போட்டுருங்க மிஸ், அப்பத்தான் யாரும் ஒங்கப்பா எங்க, எப்ப வருவாருன்னு கேக்க மாட்டாங்கன்னு சொன்னா. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்டா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்.”

நம் ஆட்களின் இங்கிதம் இப்படித்தான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதற்கு நாம் வைத்திருக்கிற மரியாதையான பெயர் அது. ஜாஸ்மின் அழுதுவிட்டாள். அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன், அதுவரை பள்ளிக்கூடங்களுக்குப் போன பிரதிகளில் அந்தப் படத்தின் மேல் வேறு படம் ஒட்டித் தருகிறேன், லெட்டரும் இப்போதே எழுதுகிறேன் என்று பேனாவைத் தேடினாள். முனீஸ்வரி வேண்டாம் என்றாள். எதற்கு வந்தாளோ அது இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வது? மகள் கழுத்தில் மறுபடியும் அந்தக் கேள்வியைக் கட்டிவிடுவதா?

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்னென்ன கேட்டிருப்பாள், யார் யார் கேட்டிருப்பார்கள் என்றே யோசனை ஓடியது. காத்திருக்கிற அம்மாவாக இருப்பதில் தனக்குக் கிடைத்த ஒரு முழம் பூவை நினைத்தாள். காத்திருக்கிற மகளுக்கு என்ன கிடைத்தது? மகளாவது நம்பிக் காத்திருக்கிறாள் என்ற நினைப்பு ஒன்றாவது முனீஸ்வரிக்கு இருந்தது. அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. ராஜபாளையம் வந்ததும் நடத்துனர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் இறங்கினாள்.

வீட்டில் அனுசியா தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்று கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்றாள் முனீஸ்வரி. பென்சில் ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. முனீஸ்வரி அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துத் தலை சீவினாள். கேட்டுவிடலாமா என்று மூன்று தடவை வாய்வரை வந்தது. பின்னல் முடிந்து ரிப்பனும் கட்டியாயிற்று, கேட்கவில்லை. சாப்பிடும்போது இரண்டு தட்டுக்கும் நடுவே அம்மாவும் மகளும் குழம்பு, அப்பளம், நாளைக்கு எந்தப் பாவாடை என்று பேசினார்கள். புத்தகத்தில் இருந்த படம் அச்சாக அப்படியே இருந்தது. படத்தில் மட்டும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் கருத்தையாவுக்குப் போன் பண்ணி, போடுங்க பெரியத்தான் என்று சொல்லிவிட்டாள். பாவம் வந்தால் தன் தலையில் விடியட்டும். மகளுக்கு அப்பன் செத்திருந்தால்தான் நிம்மதி என்றால் செத்தே போகட்டும். மில்லில் அன்று நூல் அறுந்து அறுந்து வந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து நின்றார். வெங்கடேஸ்வரி தன் மெஷினை விட்டு வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள், எதுவும் கேட்கவில்லை.

அமாவாசையன்று இருவரும் தேவதானம் போனார்கள். கருத்தையா குளித்து, திருநீறு பூசி, ஈர வேட்டியோடு தோட்டத்தில் வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் வா ஆத்தா என்றார். மாரியாத்தாள் காலையிலிருந்து பட்டினி. தனியாக நின்று அத்தனையும் சமைத்திருந்தாள். அவியல், வாழைக்காய், பச்சடி, பருப்பு, வடை, பாயசம். வடையை மட்டும் நன்றாக முறுகவிட்டு எடுத்தேன், கொழுந்தனுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள். முனீஸ்வரி அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டாள்.

உச்சிப்பொழுதுக்கு நடுவீட்டில் இலைகளை விரித்தார்கள். அப்பனுக்கு, ஆத்தாளுக்கு, தங்கச்சிக்கு. நாலாவதாக ஒரு இலை. அதன் தலைமாட்டில் மடிப்புக் கலையாத புது வேட்டியும் துண்டும். ஒவ்வொரு இலையிலும் முதல் கைச் சோற்றை வாரிசு வைக்க வேண்டும். மூன்று இலைக்கும் கருத்தையா வைத்தார். நாலாவது இலைக்கு முன்னால் வந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருசமாக அழ இடம் தெரியாமல் வைத்திருந்த அழுகை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வா தாயி, ஒங்கப்பனுக்கு நீதான் வைக்கணும் என்று அனுசியாவைக் கூப்பிட்டு, அவள் இரண்டு கையிலும் சூடான சோற்றை அள்ளி வைத்தார்.

அனுசியா இலை வரைக்கும் போனாள். குனிந்தாள். அப்படியே நின்றாள். போடு தாயி என்றார் கருத்தையா. அவள் போடவில்லை. சோறு கையைச் சுட்டிருக்க வேண்டும், முகம் கோணியது; ஆனாலும் கையை மூடிப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முனீஸ்வரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் காதோடு வாயை வைத்துக் கேட்டாள்.

“உசுரோட இருக்கவங்களுக்கு வச்சா, அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமாம்மா?”

முனீஸ்வரி பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒனக்கு எப்படித் தெரியும் என்று உதட்டால்தான் கேட்டாள், சத்தம் வரவில்லை.

“நான் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அந்த போனு சத்தமாத்தான கேக்கும்.”

இரண்டு வருசம். ஒரே பாய், ஒரே போர்வை. ஏழு வயசிலிருந்து இந்தப் பிள்ளை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அம்மா போட்டோவைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு, அம்மா தகவல் இல்லை தகவல் இல்லை என்று ஊருக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள். தான் தனியாக இருந்ததாக முனீஸ்வரி நினைத்தாளே, அந்தத் தனிமைக்குள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இன்னொருத்தியும் தனியாக இருந்திருக்கிறாள். ஏன் எங்கிட்டச் சொல்லல என்று கேட்டாள். பிள்ளை யோசித்தாள்.

“நீயும் சொல்லலயேம்மா.”

கருத்தையா, என்ன ஆத்தா, பிள்ளை பயப்படுதா என்று கேட்டார். மாரியாத்தாள் சின்னப் பிள்ளைதானே, நீ கையைப் பிடித்துப் போடச் சொல் என்றாள். பொழுது தாண்டிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கு மேலே காக்கைகள் வந்து சேர்ந்துவிட்டன.

முனீஸ்வரி எழுந்து நின்றாள். ஐந்து வருசமாக ஊர் மரியாதை தந்த அந்தப் பொட்டு நெற்றியில் வியர்வையோடு ஊறியது. கருத்தையாவின் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அந்த எலய எடுத்திருங்க பெரியத்தான். அவிய நல்லா இருக்காக. அங்கன ஒரு பொம்பள இருக்கு, ஒரு பையன் இருக்கான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டாக, தேடாதன்னு. நாந்தான் ஒங்க எல்லார்ட்டயும் மறச்சுட்டேன்.”

மாரியாத்தாள் கரண்டியோடு வாசல் நிலையில் நின்றாள். கருத்தையா தம்பியின் வேட்டியையே பார்த்தபடி இருந்தார். ராய்ப்பூரா என்று ஒரு தடவை கேட்டார், தெரியாது என்றாள். அவர் குனிந்து நாலாவது இலையை இரண்டு கையாலும் எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அனுசியா இன்னும் கையை விரிக்கவில்லை. விரல் இடுக்கில் சோறு பிதுங்கியிருந்தது. இதை என்னம்மா செய்ய என்று கேட்டாள். அமாவாசையன்று காக்கை எடுக்கும் முன்னால் அந்த வீட்டில் யாரும் ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை.

“நீ சாப்பிடு” என்றாள் முனீஸ்வரி.